நாலு பங்கு போட்ட மாத்திரை

ஊதச் சொன்னார்கள், ஊதினேன். போன மாதம்தான் நடந்தது இது. புளிப்பாக ஏதோ ஒரு தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் உட்கார வைத்து, ஒரு பையை நீட்டி, பலூன் ஊதுவதுபோல ஊதச் சொன்னார்கள். வயிற்றில் கிருமி இருக்கிறதா இல்லையா என்பது அந்த மூச்சிலேயே தெரிந்துவிடுமாம். குழாய் இல்லை, குமட்டல் இல்லை, கண்ணில் தண்ணீர் இல்லை. பிறர் வாயில் குழாய் விடுவதற்குத் துணை நின்றே காலத்தை ஓட்டிய எனக்கு, அதைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் எனக்கே அந்தக் கிருமி இருப்பதாகக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரையை ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் ஊதப் போனேன். முடிவு நல்லபடியாக வந்தது. அங்கே இருந்த இளம் டெக்னீஷியன் சிரித்த முகத்தோடு, "கிருமி போயிருச்சும்மா. இனிமே கேன்சர் அது இதுன்னு பயமே கிடையாது. நீங்க திரும்ப வரவே வேண்டாம்" என்றார்.

நல்ல பையன்தான். நல்ல செய்தியை நல்ல வார்த்தையில் சொல்ல ஆசைப்பட்டிருக்கிறார். ஆனால் 'திரும்ப வரவே வேண்டாம்' என்பதைக் கேட்டதும் எனக்குப் பேச்சியம்மாள் ஞாபகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் அந்த ஞாபகம் போகவில்லை. எழுதினால் கொஞ்சம் இறங்கும் என்று தோன்றியது, எழுதுகிறேன்.

என் பெயர் மும்தாஜ். விருதுநகர்க்காரி. எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் வற்றல், மல்லி வியாபாரம். பெண் பிள்ளை நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் நடந்த கூத்தை எழுதினால் அதுவே ஒரு புத்தகம் ஆகும். படித்தேன், சில வருஷம் பிரசவ வார்டில் கத்தல் கேட்டேன், பிறகு எங்கள் ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வயிற்று நோய்ப் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே இருந்த எண்டாஸ்கோப்பி அறைதான் ஓய்வு பெறும்வரை என் இடம். எல்லோரும் அதை 'ஸ்கோப் ரூம்' என்போம்.

அந்த அறையின் ராஜா டாக்டர் தியாகராஜன். உயரமானவர், குரல் மட்டும் சின்னது. ஸ்கோப் செய்யும்போது உட்காரவே மாட்டார். நோயாளியிடம் 'பயப்படாதீங்க' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "கஷ்டமாத்தான் இருக்கும். சீக்கிரம் முடிச்சிருவேன்" என்பார். அதிலேயே பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். எதையாவது விளக்க வேண்டுமானால் மேஜை மேல் இருக்கும் நாள்காட்டியில் போன தேதித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் இரைப்பையை வரைவார். சிவகாசிப் பக்கத்து ஊரில் நாள்காட்டிக்குப் பஞ்சமா? ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கட்டுக்கட்டாக வந்து குவியும். இந்த வட்டாரத்தில் எத்தனை வீடுகளில் ராகு காலத்துக்குப் பின்பக்கம் ஓர் இரைப்பை பத்திரமாக இருக்கிறதோ, தெரியாது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. நோயாளி எதைச் சொன்னாலும், "அப்புறம்?" என்பார். சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். கோபமாகக் கேட்க மாட்டார், கதை கேட்கிற பிள்ளை மாதிரி கேட்பார். 'வயிறு எரியுது' என்று வந்தவர், அந்த 'அப்புறம்' முடிவதற்குள் மாமியார் சண்டை, மண்டிக் கடன், மச்சான் குடி எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடுவார். நமக்குத் தேவையானது அதற்கு நடுவில் எங்கேயாவது கிடக்கும்.

எனக்கு அந்த வேலையில் பிடித்ததே வேடிக்கை பார்ப்பதுதான். மறைப்பானேன், நான் எதையும் எட்டிப் பார்க்கிற ஜாதி. மனுஷன் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் கசக்குமா?

நோயாளியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பேன். தொண்டை மரத்துப் போக ஒரு மருந்தை அடிப்போம். வேப்பங்காய்க் கசப்பு. பல்லுக்கு நடுவில் ஒரு வளையம். "எச்சியை முழுங்காதீங்க, வழிய விடுங்க, வெக்கப்பட வேண்டாம்" என்று காதருகில் சொல்லிக்கொண்டே இருப்பேன். குழாய் தொண்டையைத் தாண்டியதும் திரையில் இளஞ்சிவப்பில் ஒரு குகை திறக்கும். டாக்டர் போகும்போது அவ்வளவாகப் பார்க்க மாட்டார். வரும்போதுதான் பார்வை. இரைப்பையின் கீழ்வாய், வளைவு, நடு உடம்பு, பிறகு குழாயைத் திருப்பி மேற்கூரை. நுரை இருந்தால் என்னைத் தண்ணீர் அடிக்கச் சொல்லி, கழுவிவிட்டு, மறுபடியும் பார்ப்பார். குழாயை வெளியே இழுக்கும் நேரத்தில் அறையில் யாரும் பேசக் கூடாது. என்னைப்போல வாய் உள்ளவளுக்கு அதுதான் பெரிய தண்டனை.

சதையில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து, மஞ்சள் நிறக் கூழ் வைத்த ஒரு சின்னக் குழிக்குள் போடுவோம். கிருமி இருந்தால் மஞ்சள் மெல்ல ரோஜா நிறமாக மாறும். இல்லையென்றால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். இன்னும் சில துணுக்குகள் சோதனைக்காக மதுரைக்குப் போகும். எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த மஞ்சள் நிறம் மாறுகிறதா என்று குனிந்து பார்க்கிற ஆர்வம் கடைசி நாள்வரை எனக்குக் குறையவில்லை.

சுனாமிக்கு முந்தைய வருஷம் என்று நினைவு. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து சண்முகத்தாய் என்று ஒரு பெண் வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், ஒல்லி, பேச்சு மட்டும் கணீரென்று இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் வெடிமருந்து செலுத்துகிற வேலை. எத்தனை தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளிப் பொடி மின்னும். பல வருஷமாக வயிற்றெரிச்சல். எல்லாம் மருந்துத் தூசியால் வந்தது என்றே நினைத்து, அங்கே எல்லோரும் செய்வதுபோல வேலை முடிந்ததும் ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டு வெல்லமும் தின்று சமாளித்திருக்கிறாள். வெல்லம் தூசியை இழுத்துக்கொண்டு இறங்கிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஸ்கோப் செய்தோம். மஞ்சள் கண் முன்னாலேயே ரோஜாவானது. மதுரையிலிருந்து வந்த முடிவில் இன்னொரு சேதியும் இருந்தது. கிருமி பல வருஷம் தங்கி இரைப்பையின் உள்சுவரை அரித்து, சில இடங்களில் அந்தச் சுவர் குடல் சுவர் மாதிரியே மாறியிருந்தது. புற்று இல்லை. ஆனால் புற்று வருகிற பாதையில் அதுவும் ஒரு படி. டாக்டர் கிட் மாத்திரை எழுதினார். மூன்று விதமான மாத்திரைகள் ஓர் அட்டையில் சேர்ந்து வரும், காலைக்கும் இரவுக்கும் தனித்தனியாக. ஒன்று விடாமல் சாப்பிட வேண்டும், எரிச்சல் நின்றாலும் நிறுத்தக் கூடாது என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன்.

மாத்திரை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் விட்டு வந்தாள். மறுபடியும் ஸ்கோப். மஞ்சள் மறுபடியும் ரோஜாவானது.

டாக்டர் திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "மாத்திரையை எப்படிச் சாப்பிட்டீங்க?" என்றார்.

"சொன்னபடித்தான்யா."

"அப்புறம்?"

சண்முகத்தாய் என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். இவள் அறையில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் இதே வயிற்றெரிச்சல். மூத்தவள் பேச்சியம்மாள். அடுத்து அக்கா தங்கை இரண்டு பேர், முனீஸ்வரி, காளீஸ்வரி. அந்த அறையில் யார் எதைக் கொண்டு வந்தாலும் நாலு பங்கு. குழம்பு நாலு பங்கு, வெல்லம் நாலு பங்கு. ஆகவே மாத்திரையும் நாலு பங்கு. அதிலும் முனீஸ்வரிக்குப் பெரிய மாத்திரை தொண்டையில் இறங்காது என்று அவளுக்குக் கேப்சூல் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். காளீஸ்வரிக்கு அந்த நிறம் பிடிக்கவில்லையாம், அதனால் வெள்ளை மட்டும்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்க உடம்புக்கு எழுதினதும்மா அது" என்றார்.

"ஒரு ரூம்ல நாலு பேரு இருக்கோம்யா. தீப்பிடிச்சா நாலு பேரும்தான் போவோம். மாத்திரையில மட்டும் என்ன தனி?"

டாக்டர் அதற்கு 'அப்புறம்' சொல்லவில்லை.  அந்தப் பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் ஆஸ்பத்திரிக்கும் ஆள் வரும். அவள் சும்மா சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சரி, மூணு பேரையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

வந்தார்கள். கம்பெனி லீவு நாளில், தலை நிறைய பூ வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வந்து இறங்கினார்கள். நான் வாசலில் நின்று, "இதுல யாருக்கு ஸ்கோப்பு?" என்று கேட்டேன். நாலு பேரும் கையைத் தூக்கினார்கள். அன்றைக்கு மூன்று மஞ்சள் குழிகள் வரிசையாக ரோஜாவானதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தொற்றியதா என்று டாக்டரிடம் கேட்டேன். பெரும்பாலும் சின்ன வயசிலேயே வந்து உட்கார்ந்திருக்கும், இத்தனை வருஷத்துக்குப் பிறகு யார் கொடுத்தது யார் வாங்கியது என்று யாரால் சொல்ல முடியும் என்றார்.

ஸ்கோப் முடிந்து வெளியே பெஞ்சில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியம்மாள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு வெல்லக் கட்டியை எடுத்து, பெஞ்சு விளிம்பில் வைத்துக் கையால் ஒரு குத்து குத்தினாள். நறுக்கி வைத்ததுபோல நாலாக உடைந்தது. தொண்டை மரத்திருக்கும், ஒரு மணி நேரத்துக்கு எதுவும் தொடக் கூடாது என்று நான் போய்ச் சத்தம் போட்டேன். வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எனக்கு ஒரு துணுக்குகூட நீட்டவில்லை. அதை நான் கவனித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தடவை நாலு பேருக்கும் நாலு கிட். ஆளுக்கு ஒரு அட்டை, பங்கு கிடையாது என்று நானே சத்தியம் வாங்கிக்கொண்டேன். அடுத்த முறை வந்தபோது நாலு மஞ்சளும் மஞ்சளாகவே இருந்தன. மதுரை முடிவின்படி மற்ற மூன்று பேருக்கும் சுவரில் வீக்கம் மட்டும்தான், சண்முகத்தாய்க்கு இருந்த மாதிரி மாற்றம் எதுவும் இல்லை. டாக்டர் அவர்களிடம், "உங்களுக்கு இத்தோட சரி, இனி வர வேண்டாம்" என்றார். சண்முகத்தாயிடம் மட்டும், "நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஸ்கோப் பாத்துக்கணும்" என்றார்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. கிருமிதான் போய்விட்டதே, பிறகு எதற்கு என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். டாக்டர் தாளைக் கிழித்து வரைந்தார். ஓடு ஒழுகி ஒழுகிச் சுவர் ஊறிப் போயிருக்கிறது, இப்போது ஓட்டை மாற்றிவிட்டோம், இனி ஒழுகாது, ஆனால் ஊறின சுவர் ஒரே நாளில் புதுச் சுவர் ஆகிவிடாது என்றார். அவளுக்கு அபாயம் முன்னைவிடக் குறைந்திருக்கிறது என்றும் சொன்னார்.

"குறையும்மா. இல்லாமப் போகாது" என்றார். அந்த ரெண்டு வாக்கியமும் எனக்கு இன்றுவரை மனப்பாடம்.

சண்முகத்தாய் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். வருஷம் திரும்பியது. வரவில்லை. தீபாவளி கழியட்டும் என்று இருப்பாள் என நினைத்தேன். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எல்லாமே தீபாவளி கழிந்துதான், பல் பிடுங்குவதுகூட. தீபாவளியும் கழிந்தது.

என் தங்கை மகள் நிக்காஹுக்குப் பத்திரிகை அடிக்கத் திருத்தங்கல் பிரஸ்ஸுக்குப் போன அன்று, பஸ் ஸ்டாண்டில் பேச்சியம்மாளைப் பார்த்தேன். ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், அதிகம் பேச மாட்டாள், பேசினால் தரையைப் பார்த்துப் பேசுவாள். சண்முகத்தாய் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

அவள் சொன்னது இதுதான். சண்முகத்தாயின் மகளுக்குச் சாத்தூர்ப் பக்கம் ஒரு வரன் வந்திருக்கிறது. நாலு பேரில் மூன்று பேரை அனுப்பிவிட்டு இவளை மட்டும் வருஷா வருஷம் டாக்டர் வரச் சொல்கிறார் என்றால் அர்த்தம் என்ன என்று ஊரில் பேச்சு. வயிற்றில் புத்து இருக்கு, அதை மறைக்கிறாள், மகளுக்கும் அது வரும் என்று யாரோ போய் மாப்பிள்ளை வீட்டில் ஓதிவிட்டார்கள். இன்னொரு தடவை அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று சண்முகத்தாய் பயந்துபோய்க் கிடக்கிறாள்.

அவளுக்கு இல்லாத ஒன்றைச் சொல்லி, இருக்கிற ஒன்றைப் பார்க்க விடாமல் ஆக்கிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நானே நேரில் போய் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசுகிறேன் என்று குதித்தேன்.

பேச்சியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க போனா இன்னும் பேசுவாக நர்ஸம்மா" என்றாள். பிறகு, "அவளை மட்டும் கூப்பிட்டாத்தானே பேச்சு? நாலு பேரையும் கூப்பிட்டதா இருக்கட்டும். நாங்களும் வாறோம்" என்றாள்.

"உங்களுக்குத் தேவையில்லையே அக்கா. சும்மா எதுக்குக் குழாயை முழுங்கணும்?"

"அவளுக்கு மட்டும் முழுங்க ஆசையா?"

  அந்தக் குழாயை முழுங்கின எவரும் இன்னொரு தடவை கேட்டு வாங்க மாட்டார்கள். இவள் முதல் தடவை கண்ணும் மூக்கும் வடிய, என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவள்.

டாக்டரிடம் வந்து சொன்னபோது முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. தேவையில்லாதவர்களுக்கு ஸ்கோப் செய்வது அவருக்குப் பிடிக்காத காரியம். ஊர்ப் பேச்சுக்கு நான் வைத்தியம் பார்க்க முடியுமா என்று முணுமுணுத்தார். நான் விடவில்லை. சண்முகத்தாய் வருவதற்கு வேறு வழி இல்லை என்றேன். கடைசியில், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், வரச் சொல்லுங்கள் என்றார்.

அந்த வருஷம் வந்தார்கள். அடுத்த வருஷமும் வந்தார்கள். 'எங்க ரூம்ல எல்லாருக்கும் வருஷா வருஷம் வயித்தைப் பாக்காக' என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். அதில் கொஞ்சம் பெருமைகூட ஏறிக்கொண்டது. பக்கத்து அறைக்காரிகள், எங்களுக்கு ஏன் பார்க்கவில்லை என்று போர்மேனிடம் கேட்டார்களாம். சண்முகத்தாயின் மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான் போய் ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு வந்தேன். சண்முகத்தாயின் இரைப்பைச் சுவரில் அந்த மாற்றம் அப்படியே இருந்தது, கூடவில்லை.

மூன்றாவது வருஷம், தீபாவளி கழிந்து கம்பெனிகள் மூடியிருந்த நேரம். ரமலான் நோன்பு முடிந்து நானும் அப்போதுதான் பகலில் டீ குடிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். சண்முகத்தாய்க்கு முடிந்தது, மாற்றமில்லை. முனீஸ்வரி, காளீஸ்வரி, சரி. கடைசியாகப் பேச்சியம்மாள் படுத்தாள். வழக்கம்போல என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். வளைவுக்கு வந்ததும் கை நின்றது. "தண்ணி" என்றார். அடித்தேன். "இன்னும்" என்றார். திரையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. உற்றுப் பார்த்த பிறகுதான், சுற்றியிருந்த இளஞ்சிவப்புக்கு நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இடம் லேசாக வெளுத்து, நடுவில் பள்ளமாக இருந்தது தெரிந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் நுரை என்று தாண்டிப் போயிருப்பார்கள். டாக்டர் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கிள்ளி எடுத்தார். ஒரு துணுக்கை மஞ்சள் குழியில் போடச் சொன்னார்.

போட்டேன். எல்லோரும் போன பிறகும், குழாயைக் கழுவி, உள்ளே பிரஷ் விட்டுத் தேய்த்து, மருந்தில் ஊறப் போட்டுவிட்டு வந்து வந்து அதைப் பார்த்தேன். மஞ்சள் அசையவே இல்லை. கிருமி இல்லை. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க என்னவோ செய்தது. ரோஜாவாக மாறியிருந்தால் கோபப்படுவதற்காவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

மதுரையிலிருந்து முடிவு வந்தது. புற்றுதான். இரைப்பை உள்சுவரின் மேல்படலத்தில் மட்டும், ஆழமாக இறங்காத ஆரம்ப நிலை.

பேச்சியம்மாளை வரச் சொன்னோம். நாலு பேரும் வந்தார்கள். டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். நான் பார்த்தவரையில் நின்றுகொண்டே பேசுகிறவர், அன்று நாற்காலியை இழுத்து அவள் முன்னால் உட்கார்ந்தார். தாளைக் கிழித்து வரைந்தார். இருப்பதை இருக்கிறபடி சொன்னார். அறுவை சிகிச்சையில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் நன்றாக ஆகிவிட நிறைய வாய்ப்பு இருக்கிறது என்பதையும் சொன்னார்.

பேச்சியம்மாள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அந்தக் கிருமி திரும்ப வந்துருச்சாய்யா?"

"இல்லம்மா. கிருமி இல்ல."

"அப்ப மாத்திரை வேலை செய்யலையா?"

"வேலை செஞ்சது. கிருமியை முழுசா எடுத்திருச்சு."

அவள் தலையைத் தூக்கி அவரை நேராகப் பார்த்தாள். "அப்புறம்?" என்றாள்.

அவர் கேட்கிற கேள்வி அது. யாரும் அவரிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் பேனாவை மூடினார், திறந்தார். கிருமி போவதற்கு முன்னாலேயே அந்த இடத்தில் விதை விழுந்திருக்கலாம், நாங்கள் கிள்ளின துணுக்கில் அது அகப்படாமல் போயிருக்கலாம் என்றார். சொல்லிவிட்டு, "உறுதியா எனக்குத் தெரியலம்மா" என்றார். பிறகு இன்னும் சின்னக் குரலில், "உங்களை வர வேண்டாம்னு சொன்னவனே நான்தான்" என்றார்.

"நல்லவேளை, நான் உங்க பேச்சைக் கேக்கலை" என்றாள் பேச்சியம்மாள்.

டாக்டர் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. நான் அழுதேவிட்டேன், வெளியே காத்திருந்தவர்களுக்குச் சத்தம் கேட்கும் அளவுக்கு.

மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. இரைப்பையில் பெரும் பகுதியை எடுத்துவிட்டார்கள். வேறெங்கும் பரவவில்லை. திரும்பி வந்து, மருந்து அறைக்குப் போகாமல் லேபிள் ஒட்டுகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரே மூச்சில் நிறையச் சாப்பிட முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிட வேண்டும். அதற்காக அந்த மூன்று பேரும் போர்மேனிடம் சண்டை போட்டு அவளுக்கு இடையிடையே அனுமதி வாங்கிக் கொடுத்தார்கள். சண்முகத்தாய் அதற்குப் பிறகு எந்த வருஷமும் தவறவில்லை. அவளுக்கு இன்றுவரை எதுவும் வரவில்லை. சுவர் ஊறினவளுக்கு வரவில்லை, ஊறாதவள் என்று அனுப்பி வைத்தவளுக்கு வந்தது. இதை நான் எத்தனையோ நாள் புரட்டிப் புரட்டி யோசித்திருக்கிறேன். பெரும்பாலும் டாக்டர் சொன்ன கணக்குப்படிதான் நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த மாத்திரை எத்தனையோ பேருக்குப் புற்று வராமல் தடுத்திருக்கும் என்பதும் தெரியும். வராமல் போனதைத் திரையில் பார்க்க முடியாதே, அதுதான் சிக்கல்.

டாக்டரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. அதற்குப் பிறகு கிருமி போன யாரிடமும் 'இனி வர வேண்டாம்' என்று அவர் சொல்லவில்லை. எல்லோரையும் வருஷா வருஷம் வரச் சொல்லவும் இல்லை. "கிருமி போச்சு, அபாயம் குறைஞ்சிருக்கு. வயிறு ஏதாவது சொன்னா வந்து சொல்லுங்க" என்பார். சொல்லிவிட்டு, பேசாமல் கொஞ்ச நேரம் காத்திருப்பார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஊதிவிட்டு வந்த மறுநாள், மனசு கேட்காமல் சண்முகத்தாய்க்குப் போன் போட்டேன். அவள் பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டாள். பேச்சியம்மாள் உடனே கூப்பிட்டு, "ஒரு தடவை உள்ள பாத்துருங்க நர்ஸம்மா. ஒத்தையாப் போகாதீக, நான் வாறேன்" என்றாள். வேண்டாம் அக்கா, எனக்குத் தெரியாத அறையா அது என்றேன். போனை வைத்துவிட்டாள். அவளோடு பேசி ஜெயிக்க முடியாது.

எங்கள் பழைய ஸ்கோப் ரூமுக்கே போனேன். என் காலத்து மெஷின் இல்லை. இப்போது திரை அகலம், படம் கண்ணாடி மாதிரி. டாக்டர் தியாகராஜனும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், ஒரு பெண் டாக்டர் பார்த்தார். இடப்பக்கம் சாய்ந்து படுத்து, அந்த வேப்பங்காய்க் கசப்பு தொண்டையில் இறங்கியபோதுதான் தெரிந்தது, எத்தனை பேரிடம் எவ்வளவு லேசாக, 'வெக்கப்பட வேண்டாம், வழிய விடுங்க' என்று சொல்லியிருக்கிறேன் என்பது. பிடித்துக்கொள்ள ஒரு கை தேடினேன். பேச்சியம்மாள் உள்ளே வந்து நின்றிருந்தாள். யார் அவளை உள்ளே விட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் சுவரிலும் ஓரிரண்டு இடத்தில் அந்த மாற்றம் இருக்கிறதாம். புற்று இல்லை. சில வருஷத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இது பிறகு வந்த முடிவு. அன்றைக்கு எதுவும் தெரியாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.  பேச்சியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து வெல்லக் கட்டியை எடுத்து, பெஞ்சு விளிம்பில் வைத்து ஒரு குத்து குத்தினாள். வயசாகிவிட்டது, முதல் குத்தில் உடையவில்லை. இன்னொரு குத்து. நான் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"தொண்டை மரத்துருக்கும். ஒரு மணி நேரம் ஆகட்டும்" என்றாள்.

அவள் மடியில் கிடந்த துண்டுகளைப் பார்த்தேன். ஊரில் இருக்கிற மற்ற மூன்று பேருக்கும் சேர்த்து, வழக்கம்போல நாலு இருக்கும் என்று நினைத்தேன். ஐந்து இருந்தன.